சொதி திரியாமல் காத்த தெருவுக்கு

எங்கள் தெரு ஆச்சிமார், மதினிமார், அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும், இந்தக் கூட்டத்தில் ஒரே ஆம்பளையான தவசுப்பிள்ளை அண்ணாச்சிக்கும் வணக்கம்.

போன கார்த்திகை மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கி என் வீட்டுக்காரி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். மீதி ஐந்து வாரமும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது உங்களால்தான். நேரில் சொல்லலாம் என்று வாசல் வாசலாக ஏறினேன். போன இடத்திலெல்லாம் காபியைக் கையில் கொடுத்து வேறு பேச்சு பேசி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எழுதிப் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டுகிறேன்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் 34 வருஷம் பார்சல் நிறுத்தவன் நான். கவரில் 20 கிராமுக்கு மேல் ஒரு கிராம் போனாலும் கூட ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னவன். அப்படிப்பட்டவன் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் என்ன கேட்பான்? "உப்பு எத்தனை கிராம்?" கட்டிலில் சாய்ந்திருந்தவள் சொன்னாள்: "கொஞ்சம்." புளி? "அளவா." எப்போ இறக்கணும்? "பதம் வந்ததும்." மறைக்க வேண்டும் என்றில்லை. இத்தனை வருஷமாகக் கைக்குத் தெரிந்தது அவள் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கையும் கட்டுக்குள் இருந்தது.

முதல் நாள் இட்லியைத் தட்டில் வைத்தேன். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "என் கையில போட்ட மாவு இதவிட எளக்கமா இருந்துச்சு" என்றாள். அன்றைக்கே முக்குவீட்டு அக்காவிடம் போய் நின்றேன். மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவர். ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்துக் காசை வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு என்னைக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார வைத்து, தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். உழக்கா, டம்ளரா என்று கேட்டேன். "எதுல வேணாலும் அளங்க அண்ணாச்சி, ரெண்டையும் அதுலயே அளங்க" என்றார். நாலு உழக்கு ஒரு படி என்ற கணக்கை அவருக்கு விளக்க வாயெடுத்தவன், அப்படியே மூடிக்கொண்டேன்.

உளுந்தைத் தனியாக, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கிரைண்டர் சூடேறினால் மாவு பொங்காது. அரைத்ததில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மழைக்குளிரில் பழைய போர்வையைச் சுற்றி வைத்தால்தான் புளிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் காதில் வாங்கவில்லை. விடிகாலையில் மாவு போர்வைக்குள் படுத்திருந்தது.

அவர் சொன்னதில் மனதில் நின்றது வேறொன்று. வியாபாரம் தொடங்கிய வருஷம் ஒரு சித்திரை இரவு, மார்கழிக்கு விடுகிற நேரத்தையே விட்டு, காலையில் அத்தனை மாவும் புளித்துப்போய் வாய்க்காலில் ஊற்றினாராம். "யார்ட்டயும் சொன்னதில்ல, ஒங்கட்ட சொல்லுதேன்" என்றார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.)

தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு வருகிறேன். மார்கழி ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருவதாக இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் அவருக்குப் பரிமாறிய அதே சொதியை வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை தேங்காய்ப்பால் மூன்றையும் ஒன்றாக ஊற்றித் தளதளவென்று கொதிக்க விட்டேன். எண்ணெய் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்து, அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். மறுபடியும் திரிந்தது. அந்த வாசம் எதிர்வீடு வரை போயிருக்க வேண்டும். ஆச்சி கம்பை ஊன்றி வந்து எட்டிப் பார்த்தார். "எய்யா, மொதப்பாலு பச்சப்புள்ள மாதிரி. அத அடுப்புல போட்டு வதைக்கலாமா?"

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் நடுவீட்டுத் தங்கச்சி காரணத்தைச் சொன்னார்: பாலில் எண்ணெய் சிறு சிறு துளியாக மிதக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது புரதம், கொதியிலும் புளிப்பிலும் அந்தப் பிடி விட்டுப்போகும். எனக்கு இப்படிச் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

சாயங்காலம் தவசுப்பிள்ளை அண்ணாச்சி திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நெல்லைப் பக்கம் எத்தனை பந்திக்குச் சமைத்த மனுஷன்! வயசுக் காலத்தில் ஒரு மறுவீட்டில் ஒரு அண்டா சொதியையும் திரிய விட்டு, பந்தி முடியும்வரை கொல்லையில் நின்றதாகச் சொன்னார். யார் வாயைத் திறந்தும் கேட்கவில்லையாம், அதுதான் தாங்கவில்லையாம். சொல்லிவிட்டு என் நோட்டை வாங்கி அவரே எழுதினார். முற்றின தேங்காய் ஒன்று. கெட்டியான முதல் பால் ஒரு டம்ளர் தனியே. காயெல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். குழைந்த பாசிப்பருப்பும் அரைத்த இஞ்சி, பச்சைமிளகாயும் இரண்டாம் பாலோடு. முதல் பாலை ஊற்றியதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கூடியதும் அணைத்துவிட வேண்டும். ஆவி அடங்கிய பிறகுதான் எலுமிச்சை. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் இஞ்சிப் பச்சடி இல்லாமல் பந்தி போடக் கூடாது என்று கடைசியில் அடிக்கோடும் போட்டார்.

மருமகன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். வெறும் குறிப்பு மட்டும் கிடைத்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்த்திருக்காது. நீங்கள் ஒவ்வொருவரும் எங்கே கெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போடு, உப்பை இழுத்துவிடும் என்று ஐந்து பேர் சொன்னீர்கள். தான் குடித்த குழம்பில் இருக்கிற உப்பைத்தான் அது குடிக்கிறது. மீதிக் குழம்பு அதே உப்போடு நிற்கிறது. கொஞ்சம் வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ சேர்த்துக் குழம்பைப் பெருக்குவதுதான் வழி. ஐந்து பேரும் மன்னிக்கவும்.

ரசத்தைக் கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கச் சொன்ன மேலவீட்டு மதினிக்கும், கடுகு வெடிக்கும் முன்னால் உளுத்தம்பருப்பைப் போட்டதற்கு ஜன்னல் வழியாகவே திட்டிய சித்திக்கும் தனியாகக் கும்பிடு.

கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு உளுந்தஞ்சோறு வைக்கும் விதத்தை ஒரு சீட்டில் எழுதி, எள்ளுத் துவையலோடு தூக்குவாளியில் கேட்டில் மாட்டிவிட்டுப் போனது யார் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. வாளியின் அடியில் 'எஸ்.எம்.' என்று வெட்டியிருக்கிறது. தெருவில் அப்படி மூன்று வீடு இருக்கிறது. மூன்று பேருமே "எங்களது இல்லை" என்கிறீர்கள். அதோடு சேர்த்து உங்கள் பாத்திரம் பதினொன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது. "வெறும் பாத்திரமாக் குடுத்திராதீய" என்று வீட்டுக்காரி உத்தரவு.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து உங்கள் பாத்திரத்தைச் சொதியோடு வாங்கிப் போங்கள். தேங்காய் துருவுவதிலிருந்து இறக்குவது வரை நான்தான். எலுமிச்சம்பழம் மட்டும், கட்டு அவிழ்த்த அந்தக் கையால் அவள் பிழிவாள். அதை என்னை நம்பி விட மாட்டாளாம்.