"அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். இரண்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான பிள்ளைகள் எங்கள் பிரிவில் இருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் "பால் அலர்ஜி", "முட்டை அலர்ஜி" என்று எழுதித் தரும் பெற்றோரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "ஏதோ சிவந்துபோச்சு டீச்சர், அதிலிருந்து கொடுக்கறதில்ல" என்கிறார்கள். எதைச் சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், உடம்பில் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. டாக்டர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எங்கள் நிலையத்துப் பிள்ளை ஒன்றுக்கு அவன் பாட்டி காப்பிக்கடையில் ரொட்டியில் தடவிய கயாவைத் துளி நாக்கில் வைத்திருக்கிறார். கயாவில் தேங்காய்ப் பாலோடு முட்டையும் உண்டு. கோப்பி ஆறுவதற்குள் பிள்ளையின் மேலுதடு தடித்து, கழுத்திலும் வயிற்றிலும் கொசுக்கடி போலத் திட்டுத் திட்டாக எழும்பிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் "சூடுதான்" என்றாராம். பாட்டி அதைக் கேட்கவில்லை. கைபேசியில் படம் எடுத்தார், அப்புறம் டாக்ஸி பிடித்தார். மருத்துவமனையில் காத்திருந்தபோதே தடிப்பு வடிந்துவிட்டது. டாக்டருக்குக் காட்ட இருந்தது அந்தப் படமும் அதில் பதிவான நேரமும்தான்.

தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி போன்றவை பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, பிள்ளை துவண்டாலோ படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

பால் ஒவ்வாமை வேறு விதமாகவும் வரும். சில பிள்ளைகளுக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து மலத்தில் சளியும் இரத்தமும் தெரியும். பால் குடித்த 1 முதல் 4 மணி நேரத்தில் விடாமல் வாந்தி எடுத்து வெளுத்துப்போகும் பிள்ளைகளும் உண்டு. இந்த வகைகளில் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்றும் காட்டாமல் போகலாம். அதே சோதனையில் தோல் தடித்தாலும், அதை மட்டும் வைத்து ஒவ்வாமை என்று முடிவுகட்ட முடியாது. இணையத்தில் முடியை அனுப்பிப் பார்க்கும் சோதனைகளுக்குத் தயவுசெய்து காசைக் கொட்டாதீர்கள்.

தக்காளி ரசம் பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பது பல பிள்ளைகளுக்கு வெறும் எரிச்சல்தான். அதற்காகப் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துவது வளரும் பிள்ளையின் சாப்பாட்டில் கைவைப்பது. லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாற்றுவதாலும் பயனில்லை. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை; ஒவ்வாமை தருவது பாலின் புரதம், அது அந்தப் பாலிலும் இருக்கிறது. ஆட்டுப்பாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசிய பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறார் ஒவ்வாமைக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். ஆனால் ஆறு மாதத்தில் எழுதிய படிவம் ஒன்றரை வயதிலும் அப்படியே கிடக்கிறது. விட்டுப்போயிற்றா என்று வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், மருத்துவமனையில் கண்காணிப்போடு சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படிவத்தில் "அலர்ஜி உண்டா?" என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக, சாப்பிட்டது, அளவு, நேரம், அறிகுறி, கடைசியாக டாக்டரைப் பார்த்த தேதி என்று எழுத இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
கைக்குழந்தைப் பராமரிப்பு ஆசிரியை,
உட்லண்ட்ஸ்