சாவியை இனி லைசென்ஸ் உள்ளவரிடம்தான் கொடுப்போம்

வணக்கம். மலேசியாவில் பினாங்கு, ஜெலுத்தோங்கில் நம்ம கடைக்கு மோட்டாரை (மோட்டார் சைக்கிளை) சர்வீஸுக்கு விடுகிற எல்லாருக்கும் இந்த மடல்.

அடுத்த மாதத்திலிருந்து, சர்வீஸ் முடிந்த மோட்டாரை எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். அட்டை கையில் இல்லையென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டினாலும் சரி. "தம்பியை அனுப்புறேன், சாவியைக் கொடுத்துருங்க" என்று போன் வரும், வந்து நிற்கிற தம்பி இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 படிக்கிறவனாக இருப்பான். இனி அவனிடம் கொடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாமானுக்குள்ளேதானே (குடியிருப்புப் பகுதி) ஓட்டுறான், பெரிய ரோட்டுக்கா போறான் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்துக்குத் தாமான் ரோடும் ரோடுதான். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயது ஆகாதவர் சாலையில் எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்டக் கூடாது, காருக்கு 17. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 வெள்ளியிலிருந்து 2000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் சேர்த்து. பலரும் கவனிக்காத விஷயம், ஓட்டியவரோடு இது நிற்பதில்லை, தெரிந்தே ஓட்டக் கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். அது அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், சாவியை எடுத்து நீட்டிய கடைக்காரராகவும் இருக்கலாம்.

அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம், காப்புறுதி விஷயம்தான் குடும்பத்தை உட்கார வைத்துவிடும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டி இடிபட்டால் அந்தச் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் காசு தராது, ஏனென்றால் பாலிசியின் நிபந்தனையே முறையான லைசென்ஸ் உள்ளவர் ஓட்ட வேண்டும் என்பதுதான். அடிபட்ட எதிராளிக்குச் சட்டப்படி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால் கொடுப்பார்கள், அப்புறம் அந்தத் தொகையை உங்களிடம் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழியிருக்கிறது. தவணை முடியாத மோட்டார் என்றால் வண்டியும் போய் மாதக் கட்டணமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்க வரும்போது நாங்கள் இதைச் சொன்னால் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போகிறீர்கள்.

வயது வரம்பையே 18 ஆக்கிவிடலாமே என்று சிலர் எங்களிடம் பேசுகிறார்கள். சிங்கப்பூரில் 18 தான், அதுவும் முதலில் 200 சிசி வரைக்கும், அடுத்த படி 400 வரை, அதற்கு மேல் என்றால் இன்னொரு லைசென்ஸ். ஐரோப்பிய நாடுகளின் பொது விதியில் 16 வயதுக்காரருக்கு 125 சிசிதான், படிப்படியாக வராமல் நேராகப் பெரிய வண்டிக்குப் போக 24 ஆக வேண்டும். நம் நாட்டில் 16 வயதில் பி2 வகை மோட்டார் லைசென்ஸ் எடுத்தவன் 250 சிசி வரை ஏறி உட்காரலாம், எங்களுக்கு இடிப்பது இதுதான். வயதை உயர்த்துவதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீட்டில், டியூஷனுக்கும் பகுதிநேர வேலைக்கும் 16 வயதுப் பிள்ளைக்கு மோட்டார்தான் கால். தடுத்தால் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவான். சிசியைப் படிப்படியாகக் கொடுக்கலாம், அது நியாயம்.

சட்டம் வருவதற்கு நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. புது லைசென்ஸ்காரர் வண்டியில் 'பி' ஒட்டியிருக்கிற அந்த முதல் இரண்டு வருடத்துக்கு, எங்களிடம் செகண்ட்ஹேண்ட் வாங்க வருகிறவர்களுக்கு ஈஎக்ஸ்5 மாதிரி கப்சாய் என்கிற சின்ன மோட்டார்தான் காட்டுவோம், 250 கேட்டால் வேறு கடைக்குப் போகலாம், வியாபாரம் போனால் போகட்டும். பினாங்குப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாதவன் கையில் பெரிய வண்டி எதற்கு? இந்த 'பி' காலத்தில் போக்குவரத்துக் குற்றங்களுக்கு 10 தவறுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து, அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

லைசென்ஸ் எடுப்பது பெரிய மலையில்லை. கணினித் தேர்வில் 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் போதும். பையன்கள் தோற்பது ஓட்டிக் காட்டுகிற தேர்வுத் திடலில்தான், ஒடுக்கமான பலகையில் கால் ஊன்றாமல் மெதுவாகப் போகிற இடத்தில். திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியவனுக்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கத் தெரியும், மெதுவாகப் போகத் தெரியாது.

லைசென்ஸ் உள்ளவர் யாரும் வர முடியாத நாளில் முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். ஜெலுத்தோங், குளுகோர் பக்கம் என்றால் கடை மூடியதும் எங்கள் பையன் கொண்டுவந்து விடுவான், தனிக் காசு வாங்க மாட்டோம். தள்ளிக்கொண்டு போகலாமா என்று ஒரு அக்கா கேட்டார்கள். தாராளமாகத் தள்ளலாம் அக்கா, ஆனால் சாவி எங்களிடம் இருக்கும், நீங்களோ அண்ணனோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.