கணினி மைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்: சர்வரில் டிரைவர் மட்டும் போதும்

எங்கள் கணினி மையத்து அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

நேரில் சொல்லிவிடலாம்தான். ஆனால் வேறு கல்லூரி நண்பர்களிடம் பேசினால் அங்கேயும் இதே கதை. அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தும் ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் கார்டு) சர்வரில் இப்போது மூன்று குடா பதிப்புகள் இருக்கின்றன. அந்த கார்டில் நிரல்களை ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்தான் குடா. 11.0 ஒரு சீனியருக்காகப் போட்டது. அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 11.3 யாருக்காக என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எடுக்கவும் பயம். 12.1 எங்களுக்கானது. புதிதாக ஒருவர் வந்து 11.8 கேட்டால் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, இரண்டு வாரக் காத்திருப்பு.

இவ்வளவு பாடே வேண்டாம். ஜிபியுவைப் பொறுத்தவரை சர்வரில் இருக்க வேண்டியவை இரண்டுதான்: கார்டை இயக்கும் என்விடியா டிரைவர், கண்டெய்னருக்குள் கார்டைக் கொண்டுசேர்க்கும் என்விடியா கண்டெய்னர் டூல்கிட். கண்டெய்னர் என்பது ஒரு நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. குடாவும், மாடல்களுக்குப் பயிற்சி தரும் பைடார்ச்சும் அவரவர் கண்டெய்னருக்குள் கிடக்கட்டும்.

டிரைவர் மட்டும் ஏன் வெளியே? கண்டெய்னருக்கென்று தனிக் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கிடையாது, சர்வரின் கெர்னல்தான் எல்லாருக்கும் பொது. டிரைவரில் ஒரு பாதி அந்தக் கெர்னலுக்குள் ஏறி உட்காரும் மாட்யூல். இன்னொரு பாதி லிப்குடா முதலான லைப்ரரிகள். இரண்டும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரைக்கும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஆகவே அந்த லைப்ரரிகளை இமேஜுக்குள் (கண்டெய்னரை வார்க்கும் அச்சு) வைத்துக் கட்டினால், வேறு டிரைவர் இருக்கும் சர்வரில் அது படுத்துவிடும். டூல்கிட் என்ன செய்கிறது என்றால், கண்டெய்னர் கிளம்பும்போதே சர்வரில் இருக்கும் லைப்ரரிகளையும் ஜிபியுவின் டிவைஸ் கோப்புகளையும் எடுத்து உள்ளே பொருத்திவிடுகிறது. குடிவருகிறவர் மிக்ஸியும் ஃபிரிட்ஜும் கொண்டுவருவார். கரண்ட் கனெக்‌ஷன் வீட்டுக்காரருடையது.

கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை அடித்தால் மேலே வலது பக்கம் ‘குடா வெர்ஷன் 12.4’ என்று வரும். “அதான் குடா இருக்கே தம்பி” என்று அதைக் காட்டி என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அது நிறுவியிருக்கும் குடா அல்ல அண்ணா. நம்மிடம் இருக்கும் 550 வரிசை டிரைவர் எந்தப் பதிப்பு வரைக்கும் தாங்கும் என்ற கணக்கு. புதிய டிரைவர் பழைய குடாவையும் ஓட்டும். 11.3 கண்டெய்னரும் 12.1 கண்டெய்னரும் பக்கத்தில் பக்கத்தில் சண்டையில்லாமல் ஓடும்.

அமைப்பதும் பெரிய வேலை இல்லை. டூல்கிட்டை நிறுவி, என்விடியா-சிடிகே கட்டளையால் கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்கு அறிமுகப்படுத்தி, டாக்கரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. அந்த ரீஸ்டார்ட்டை மறந்துவிட்டுத்தான் பலர் “டிவைஸ் டிரைவர் கிடைக்கவில்லை” என்ற பிழையோடு ஒரு மதியத்தையே தொலைக்கிறார்கள். பழைய என்விடியா-டாக்கர்2 பற்றிய குறிப்புகளைத் தூக்கிப் போடுங்கள். 2019இல் வந்த டாக்கர் 19.03 முதலே ஜிபியு கேட்பதற்கு டாக்கரிலேயே வழி இருக்கிறது.

சரி, போன மாதத்துத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை தொடங்கிய என் மாடல் பயிற்சி ஓட்டம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. புதிய கண்டெய்னர் மட்டும் கிளம்பவில்லை: ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’. ஞாயிறு இரவு தானியங்கி அப்டேட் லைப்ரரிகளை மாற்றிவிட்டது. கெர்னலில் பழைய மாட்யூல் அப்படியே இருந்தது. நீங்களோ கார்டு போய்விட்டது என்று சர்வரை நிறுத்தி, கார்டைக் கழற்றி, துடைத்து, திரும்பச் சொருகினீர்கள். வேலை செய்தது! தூசிதான் காரணம் என்று பதிவேட்டிலும் எழுதியாயிற்று. ரீபூட் ஆனதால்தான் சரியானது. என் மூன்று நாள் ஓட்டம் போனதும் அதே ரீபூட்டில்தான். டிரைவர் பேக்கேஜ்களை மட்டும், அப்டேட்டில் தானாக மாறாதபடி, ஏப்டியில் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) ஹோல்டு போட்டு வையுங்கள்; தேதி அறிவித்துவிட்டு மாற்றுங்கள், கையோடு ரீபூட் செய்யுங்கள்.

அப்புறம், டாக்கரைப் பயன்படுத்த அனுமதி தரும் டாக்கர் குழுவில் மாணவர்களைச் சேர்க்க மாட்டோம் என்கிறீர்கள். இதில் நியாயம் உங்கள் பக்கம். அந்தக் குழுவில் இடம் தருவதும் சர்வரில் எதையும் செய்யவிடும் ரூட் அதிகாரம் தருவதும் ஒன்றுதான். டூல்கிட்டிலேயே ஓட்டை இருந்ததும் உண்மை: 2024 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2024-0132 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்), விஷம இமேஜ் ஒன்று சர்வரின் கோப்புகளை எட்டிப்பிடிக்க வழிவிட்டது, 1.16.2 பதிப்பில் அடைத்தார்கள். அதனால் டிரைவரைப் போல டூல்கிட்டுக்கு ஹோல்டு போடாதீர்கள், உடனுக்குடன் ஏற்றுங்கள்.

டாக்கர் வேண்டாம் என்றால் ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேன் இருக்கிறது. ஜிபியுவின் விவரத்தை சிடிஐ என்ற முறையில் ஒரு யாமல் கோப்பாக எழுதி வைத்தால் பாட்மேன் அதைப் பார்த்தே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஓட்டை சிடிஐ வழியைத் தொடவில்லை என்று என்விடியாவே அறிவித்திருந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: டிரைவரை மாற்றினால் அந்தக் கோப்பையும் மறுபடி உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிப்பு லைப்ரரியைத் தேடித் தடுமாறும்.

வருகிற பராமரிப்பு நாளில் நானும் கூட இருக்கிறேன். மூன்று குடாவையும் எடுக்கும் முன் என்னென்ன எதை நம்பி ஓடுகிறது என்ற பட்டியலை நானே தயாரித்துத் தருகிறேன். அந்த 11.3 யாருடையது என்று தெரிந்தவர்கள் மட்டும் அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி ஆய்வு மாணவன்