14 காகிதக் குவளைகள்

அன்புடையீர், வணக்கம்.

என் கணவர் சென்ற புதன்கிழமை வீடு திரும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கிறார். ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நடந்தவை உங்களுக்குத் தெரியும்; அவற்றை மீண்டும் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. தட்கல் பயணச்சீட்டு எடுத்துத் தந்த பக்கத்து வீட்டார், இரத்தம் கொடுத்த அவருடைய அலுவலக நண்பர்கள், புது தில்லி நிலையத்தில் விடியற்காலைக் குளிரில் காத்து நின்றவர்கள், பதினொரு நாட்கள் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கரோல்பாக் குடும்பத்தார் என எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

எனினும் இம்மடலை எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர், பெயர்கூடத் தெரியாத ஒரு தெலுங்கு அம்மா.

சென்னையிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் உடன் வந்தார்கள். வழக்கமான நாளாக இருந்தால் செல்பேசியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நான் கண்ணயர்ந்திருப்பேன். அன்றோ மருத்துவமனையிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் அதை என் கையைவிட்டு இறக்க முடியவில்லை. விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கதைப் புத்தகமும் வண்ணப் பென்சில்களும் சலித்துப்போக, பிள்ளைகள் சண்டையில் இறங்கினார்கள். நான் மகனை அடித்துவிட்டேன்.

விஜயவாடாவில் ஏறி எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் குடித்தவர்களிடமெல்லாம் காலிக் குவளைகளைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, விளிம்பைப் பாதி உயரத்துக்குக் கிழித்தார். ரயில் குலுங்கினாலும் சாயாதபடி கம்பளியின் மடிப்புகளுக்குள் ஏழேழாக இரண்டு வரிசையில் செருகினார். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் குவளைக்கு ஐந்தாக எண்ணிப் போட்டு, "வாமன குண்டலு" என்றார்.

எங்கள் பாட்டியின் பல்லாங்குழி! வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியில் இருப்பதை அள்ளும் அதே ஆட்டம். காலியான ஒரு குவளையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கானபோது, முப்பது ஆண்டுகளாக நான் உச்சரிக்காத "பசு" என்ற சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாவும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் அழுகைக்குப் பதிலாகப் "பசு, பசு" என்ற கூச்சல்தான். மொழி தெரியாத அவரைப் பிள்ளைகள் "அம்மம்மா" என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வாரங்கல் கடந்து, பல்லார்ஷா கடந்து, பிற்பகலில் நாக்பூர் வரும்வரை அந்த ஆட்டம் நீடித்தது. இடையில் மருத்துவர் அழைத்தார். பெட்டியின் கதவோரம் சென்று அவர் சொன்னதை முழுவதும் கேட்கவும், கேட்டபின் பிள்ளைகளின் கண்ணில் படாமல் அழுது முடிக்கவும் எனக்கு நேரம் கிடைத்தது. முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தம் கையிலிருந்த கடலையை என் உள்ளங்கையில் கொட்டி, என் முறை என்று சைகை காட்டினார். நாக்பூரில் கூட்ட நெரிசலில் அவசரமாக இறங்கிவிட்டார். நன்றி என்பதைத் தெலுங்கில் சொல்லக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அந்தக் குவளைகள் என் கணவரின் கட்டிலருகே இருக்கின்றன. கடலைக்குப் பதில் புளியங்கொட்டை. இனி எந்தப் பயணத்திலும் 70 புளியங்கொட்டைகள் என் பையில் இருக்கும்.

அந்த அம்மாவை அறிந்தவர் எவரேனும் இருந்தால் இதைத் தெலுங்கில் படித்துக் காட்டுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் 70 வராமல், தாம்தான் தவறாக எண்ணியதாக நினைத்து அவர் மீண்டும் மீண்டும் எண்ணினார். அவர் எண்ணியது சரிதான். என் மகன் தின்றுவிட்டான்.