'எச்சில் உற்பத்தி' வேண்டாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாய் வறட்சி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் முழுக்க 'எச்சில் உற்பத்தி' என்றே எழுதியிருக்கிறார்கள். 'வாய் ஊறுதல்' என்று எழுதியிருக்கலாம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட செவிலியர் நான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதிர்வீச்சு பட்டால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிப்போகும். தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்காது. பேசப் பேச நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரிடம் "எச்சில் வருதா?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும், அசுத்தம் எதையோ கேட்டதுபோல. "வாய் ஊறுதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில கொஞ்சம் ஊறுது, ராத்திரி சுத்தமா இல்ல" என்று உடனே பதில் வரும். மருத்துவருக்கு வேண்டியதும் அந்தத் தகவல்தான்.

எச்சில், எஞ்சு என்ற வேரில் பிறந்த சொல். உண்டு மிஞ்சியது, வாய் பட்டது என்று பொருள். உமிழ்நீர் என்பது துப்புகிற நீர். நீர் பிறக்கிற நேரத்தைச் சொல்வது ஊறுதல். 'வாலெயிறு ஊறிய நீர்' என்று காதலியின் வாய்நீரைப் பாலும் தேனும் கலந்ததாகப் பாடிய வள்ளுவரும் இந்த வினையைத்தான் எடுத்தார். கன்னத்தை வெளியிலிருந்து மெல்ல நீவிவிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே சிறு புள்ளியிலிருந்து தெளிந்த துளி எட்டிப் பார்க்கும். அசல் ஊற்று! நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இப்படி ஊறுகிறது.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல்கிற 'சாலிவேட்', உமிழ்நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள், சிபிலிஸ் என்கிற மேகநோய்க்குப் பாதரசம் கொடுத்து நோயாளிக்கு வாய்நீரை ஒழுகவிட்டதையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். நோய் வெளியேறுவதாக நம்பினார்கள். உண்மையில் அது பாதரச நஞ்சின் அறிகுறி. அப்படிப்பட்ட பழைய வலி எதுவும் நம் 'ஊறுதல்' மேல் இல்லை.

'சுரத்தல்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. அப்புறம், ஒரு வேண்டுகோள்: வாய் ஊறாதவர்களுக்குப் பல் வெகு சீக்கிரம் சொத்தையாகும். கட்டுரையில் அது விட்டுப்போயிற்று. ஃப்ளூரைடு பற்பசை பற்றியும் செயற்கை உமிழ்நீர் பற்றியும் அடுத்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்