(பொ): தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பிறந்த தேதியைப் பார்த்தாலே, ஒருவர் எந்த மாதக் கடைசியில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போவார் என்று அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடலாம். (ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசி. அதற்காக அப்பாவைத் திட்டியவர்கள் உண்டு.) ஆனால் நாற்காலி காலியானதும் அரசுக்கு மட்டும் அது திடீர்ச் செய்தியாகிவிடுகிறது. உடனே வேறு வேலையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு 'முழு கூடுதல் பொறுப்பு'. பதவியின் பெயருக்குப் பின்னால் சுருக்கமாக (பொ).

காவல்துறையையே எடுத்துக்கொள்வோம். மாநிலக் காவல்துறையின் தலைவரான டிஜிபிக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. 'பொறுப்பு டிஜிபி' என்ற ஏற்பாடே கூடாது, பதவி காலியாவதற்கு 3 மாதம் முன்பே பெயர்களை மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சிக்கு அனுப்புங்கள் என்று 2018 ஜூலையில் சொன்னது. அப்புறமும் 2025 ஆகஸ்ட் 31 அன்று சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு வந்த வெங்கட்ராமன் 'பொறுப்பு' டிஜிபியாகத்தான் வந்தார்.

பல்கலைக்கழகங்களின் கதை வேறு. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. 2024 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகமும் அந்த வரிசையில் சேர்ந்தது. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி வேண்டுமா வேண்டாமா என்று ஆளுநர் மாளிகையும் அரசும் மல்லுக்கு நின்றதில் வந்த வினை இது. பழி முழுவதையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் டிஜிபி விஷயத்தில் அந்தச் சாக்கு எடுபடாது.

பொறுப்பு அதிகாரியின் கீழ் வேலை பார்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார். மற்ற நாள்களில் அவருடைய சொந்த அலுவலகம். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், தபால் பார்ப்பார். முடிவெடுக்க வேண்டிய கோப்பு என்றால் பச்சை மையில் ஒரே வரி: 'புதிய அலுவலர் பொறுப்பேற்றதும் மறுபடி வைக்கவும்.' அவர் மேல் குற்றமில்லை. நாளைக்கே போகச் சொல்லிவிடுவார்கள் என்றால் யார்தான் கையை நீட்டுவார்கள்? பெயர்ப் பலகையில் பதவியை பெயின்டில் எழுதி, (பொ) என்பதை மட்டும் சாக்பீஸில் எழுதியிருந்தோம், அழிக்க வசதியாக. 14 மாதம் அழிக்கவில்லை. மழைக்காலத்தில் கரைந்தபோதெல்லாம் உதவியாளர் திரும்ப எழுதினார்.

காலியாக வைத்திருப்பது சில சமயம் மறதியால் அல்ல, வசதிக்காக என்பது என் சந்தேகம். நிரந்தரமாக உட்கார்ந்தவர் 'விதியில் இடமில்லை' என்று எழுதத் துணிவார்; பொறுப்பில் இருப்பவர் போனுக்குக் காத்திருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஓராண்டில் ஓய்வு பெறும் துறைத் தலைவர்களின் பட்டியலை, அவரவர் இடத்துக்கு யார் என்று முடிவு செய்யும் தேதியோடு வெளியிடுங்கள். பொறுப்பு என்றால் 3 மாதம், அதற்கு மேல் போனால் காரணத்தை ஆணையிலேயே எழுதுங்கள். ஓய்வூதியக் கருத்துருவை மாதக்கணக்கில் முன்னதாகவே தயார் செய்யச் சொல்லி எங்களை விரட்டிய அரசுக்கு இது முடியாத வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்