பால் தண்ணியாக இருக்கிறது என்ற மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ அழுதது மனசை விட்டுப் போகவில்லை. பால் தண்ணியாக இருக்கிறது, பிள்ளைக்குச் சத்துப் பத்தாது, பசும்பாலோ ஆட்டுப்பாலோ கொடு என்று உன் மாமியார் சொல்கிறாராம். இரண்டு மாசப் பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம்.

பாலக்கோட்டில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில் பிறந்தவள் நீ. ஃபேட் எவ்வளவு, லாக்டோமீட்டரில் டிகிரி எவ்வளவு என்று பார்த்துத்தான் நமக்குக் காசு. அந்தக் கணக்கைத் தாய்ப்பாலுக்குப் போடாதே. 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம். எருமைப்பாலில் இன்னும் கூடுதல். உன் பாலில் சுமார் 1 கிராம்தான். கன்றுக்குட்டி 50 நாளுக்குள் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்காகிவிடும். நம் பிள்ளைக்கு அதற்கு 5 மாசம் பிடிக்கும். பிறகு அவனுக்கு எதற்குக் கன்றின் புரதம்? மிச்சத்தை யூரியாவாக வெளியேற்றும் வேலை அந்தச் சின்னச் சிறுநீரகத்தின் தலையில் விழும்.

புரதம் செரித்தால் அமினோ அமிலங்களாகப் பிரியும். அதில் குளுட்டமேட், புரோலின், லியூசின் மூன்றும் எல்லாப் பாலிலும் தூக்கல்தான். மற்றதில்தான் வித்தியாசம். பசும்பால் புரதத்தில் 80 சதவீதம் கேசீன், பால் திரிந்தால் கட்டியாகிற புரதம். குழந்தை வயிற்றில் கெட்டியாகத் திரியும். தாய்ப்பாலில் மோர்ப்புரதம், அதாவது திரிந்த பாலின் தண்ணீரில் நிற்கும் புரதம் அதிகம், அதனால் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் கூடுதலாகக் கிடைக்கும். பசும்பாலில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் கூடுதல். அதைச் சிஸ்டைனாக மாற்றும் திறன் பிறந்த குழந்தையின் ஈரலுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது.

டாரின் என்று ஒன்று உண்டு. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. உன் பாலில் தாராளமாக இருக்கிறது, பசும்பாலில் மிகக் குறைவு. பால்பவுடர் கம்பெனிகள் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். ஆட்டுப்பாலில் டாரின் பசும்பாலைவிட அதிகம், அது உண்மை. ஆனால் ரத்தம் ஊற வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமின் ரொம்பக் குறைவு. அதையே நம்பி வளர்த்தால் ரத்தசோகை வரும்.

எடை ஏறுகிறதா, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஈரம் பண்ணுகிறானா என்று மட்டும் பார். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதும். எடை ஏறவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டு.

மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதே, பேரன் மேல் உள்ள ஆசையில் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நானே அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா